ஓடுகிற மிஷின்

“ஓடுற மிஷின்ல கை வைக்காதே.” அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். ஃபேன் சத்தம் போடுகிறது என்று வந்தால் ஃபேனைப் பார், மூடு, பில் போடு. பக்கத்துப் போர்டையும் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாமே என்று நினைக்கிறவன் கையில்தான் நல்ல சாமான் சாகும். அந்த விதியை நான் தெரிந்தே மீறியது ஒரே ஒரு சாமானுக்காக. கறுப்பாக, சின்னச் செங்கல் போல் தடித்து, 28 கால்களோடு உட்கார்ந்திருக்கும் ஒரு ஐசி. மேலே டாலஸ் என்று அச்சடித்திருக்கும்.

2011, ஐப்பசி மழை. ஒரு பொறியியல் கல்லூரி லேபிலிருந்து டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஆசிலோஸ்கோப் ஒன்றை ஆட்டோவில் வைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போர்த்திக் கொண்டுவந்தார்கள். 400 மெகாஹெர்ட்ஸ், நாலு சேனல். அதன் பச்சைக் கோட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இன்றைய டிஜிட்டல் ஸ்கோப்பின் கலர் திரை பொம்மை மாதிரித்தான் தெரியும். இதில் நான் நடுநிலையாளன் இல்லை. கம்ப்ளெயிண்ட் சின்னதுதான்: ஒரு குமிழைத் திருகினால் கோடு துள்ளுகிறது. கிளீனர் அடித்து, நாலு தரம் முன்னும் பின்னும் திருகிவிட்டேன், சரியாகிவிட்டது. முக்கால் மணி நேர வேலை. மூடப்போகும்போதுதான் கன்ட்ரோல் போர்டில் அந்த ஐசியைப் பார்த்தேன். டிஎஸ்1225ஒய். கீழே நாலு இலக்கம்: 9126. அதாவது 1991ஆம் வருஷத்தின் 26ஆவது வாரம் செய்தது. இருபது வயது முடிந்துவிட்டது.

அந்தக் கறுப்புக் கட்டிக்குள் இருப்பது ஒரு சாதாரண ராம் ஐசி, கூடவே ஒரு லித்தியம் செல், இரண்டுக்கும் நடுவே காவல் வேலை பார்க்கும் ஒரு சர்க்யூட். எல்லாவற்றையும் எபாக்சி ஊற்றி மூடிவிட்டார்கள். ஸ்கோப்பை அணைத்ததும் 5 வோல்ட் இறங்க ஆரம்பிக்கும். நாலரைக்குக் கீழே போனதும் காவல்காரன் எழுதும் வழியைப் பூட்டிவிடுவான். 3 வோல்ட் பக்கம் வந்ததும் செல்லுக்கு மாற்றிவிடுவான். அதற்குப் பிறகு அந்தச் செல் உயிரோடு இருக்கும்வரை உள்ளே இருப்பது அழியாது. கரன்ட் கொடுக்காமல் வைத்தாலும் குறைந்தது பத்து வருஷம் தாங்கும் என்று கம்பெனி ஏடு சொல்கிறது. பத்து வருஷம் என்றது இருபது தாங்கியது பெரிய விஷயம். ஆனால் செல் தீர்ந்தால் மாற்ற வழி இல்லை. எபாக்சிக்குள் புதைத்துவிட்டார்கள்.

உள்ளே இருந்தது என்ன என்பதுதான் முக்கியம். அதற்கு முந்தைய தலைமுறை ஸ்கோப்களில் ஒவ்வொரு சேனலின் அளவையும் நேரக் கோட்டையும் சின்னச் சின்ன திருகு ரெசிஸ்டர்களில் திருப்புளி வைத்துச் சரிசெய்வார்கள். திருகியது திருகியபடி நிற்கும். 2465பி காலத்தில் அந்தத் திருகுகளில் பெரும்பாலானவை எண்களாகிவிட்டன. தையற்காரர் அளவு நோட்டு மாதிரி: இந்த ஸ்கோப்பின் ஒன்றாம் சேனலுக்கு இவ்வளவு கூட்டு, இந்த ரேஞ்சில் இவ்வளவு குறை. அந்த எண்கள் அந்த ஒரு மிஷினுக்கு மட்டும்தான் பொருந்தும். அதே மாடல், அடுத்த சீரியல் நம்பர் மிஷினின் எண்களைக் கொண்டுவந்து போட்டால், அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி இருக்கும். மிஷின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை முறை ஆன் செய்தார்கள் என்ற கணக்கும் அதே ஐசியில்தான்.

இத்தனைக்கும் இடம் 8192 பைட். தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் ஆகிறது. இந்தக் கட்டுரையின் கால்வாசிகூட அதற்குள் அடங்காது.

சாரிடம் போய்ச் சொன்னேன். “சார், டாலஸ் 91ஆம் வருஷத்தது. எப்ப வேணா போகும். மாத்திடலாம்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஓடுதா?”

“ஓடுது சார்.”

“அப்புறம் என்ன?”

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கெட்டுப்போன சாமானில் கை வைத்துச் சொதப்பினால் “ஏற்கெனவே போயிருந்தது” என்று சொல்லலாம். நல்ல சாமானில் சொதப்பினால் சொல்ல எதுவும் இல்லை. அதுவும் வாடிக்கையாளர் கேட்காத வேலை, காசு வராத வேலை. ஆனால் என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மற்ற ஐசி போனால் எப்படியாவது தேடி வாங்கிப் போடலாம். இது போனால் ஐசி மட்டும் போவதில்லை, உள்ளே இருக்கும் எண்களும் கூடவே போகும். போன பிறகு மாற்றிப் பிரயோஜனம் இல்லை. நன்றாக ஓடும்போது மட்டுமே இதற்கு வைத்தியம் செய்ய முடியும். சாருடைய விதிக்கு நேர் எதிரான ஒரு சாமான் இது.

கொஞ்ச நேரம் யோசித்தார். “பழைய 2465ல இந்த வம்பே கிடையாது. பேட்டரி இல்லாத மெமரி வச்சிருந்தான். பி மாடல்லயும் ஆரம்பத்துல வந்ததுல தனியா ஒரு லித்தியம் செல் இருக்கும், பார்த்து மாத்திக்கலாம். இவன்தான் சமாதி கட்டி வச்சிருக்கான்” என்று போர்டைத் திட்டினார். பிறகு, “சரி, பண்ணு. ஆனா முதல்ல எழுதி வச்சுக்க” என்றார்.

எழுதி வைப்பது என்றால் நிஜமாகவே எழுதி வைப்பது. இந்த ஸ்கோப்பில் ஒரு ரகசிய வாசல் உண்டு. டெல்டா வி, டெல்டா டி இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரிகர் ஸ்லோப் பொத்தானைத் தட்டினால் பரிசோதனைப் பட்டியல் திறக்கும். அதில் எக்சர்சைசர் 02 என்ற பக்கம் அந்தத் திருத்த எண்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். முகவரி, அதன் மதிப்பு, இரண்டும் ஹெக்ஸில். சாரிடம் இதற்கென்றே ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. மிஷினின் சீரியல் நம்பரை மேலே எழுதி, பால்கணக்கு எழுதுகிற மாதிரி இரண்டு பத்தியாகப் பிரித்து, பொத்தானைத் தட்டித் தட்டி எழுதிக்கொண்டே போவார். ஒரு மிஷினுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழுதி முடித்ததும் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் வாசிக்க, அந்த ஆள் திரையைப் பார்த்து “சரி, சரி” என்று சொல்ல வேண்டும்.

எனக்கு வயது இருபத்தெட்டு. அப்போதுதான் யூஎஸ்பியில் மாட்டும் சீனப் புரோகிராமர் ஒன்றை என் காசில் வாங்கியிருந்தேன். ஐசியைக் கழற்றி அதில் மாட்டினால் 8192 பைட்டையும் இரண்டு விநாடியில் படித்து ஃபைலாக்கிக் கொடுத்துவிடும். இதற்கு எதற்கு நோட்டு, பேனா? சார் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் எழுதவில்லை.

கழற்றியதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் நன்றாகவே செய்தேன். 28 காலில் 27 கால் சுலபம். கிரவுண்டு கால்தான் எமன். போர்டின் உள் அடுக்கில் இருக்கும் செப்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் துளையின் உள்பூச்சு கையோடு வந்துவிடும். பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் கொஞ்சம் ஊற்றி, ஃப்ளக்ஸ் தடவி, மேலிருந்து சால்டரிங் அயர்னும் கீழிருந்து ஈயம் உறிஞ்சும் சக்கருமாக ஒவ்வொரு காலாக விடுவித்தேன். ஒரே காலில் நிற்காமல் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று என்று மாறி மாறிப் போனேன். லித்தியம் 180 டிகிரியில் உருகிவிடும். அயர்ன் முனையோ 350ல் இருக்கிறது. பக்கத்தில் இருந்த குட்டி எலெக்ட்ரோலிடிக் கபாசிட்டர்களின் அடியில் அயர்ன் பட்டபோது கருவாட்டு வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் கபாசிட்டரிலிருந்து எலெக்ட்ரோலைட் கசிந்து போர்டைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாடலுக்கே உள்ள வியாதி. அதையும் குறித்துக்கொண்டேன். கடைசியில் ஐசியை விரலால் தொட்டதும் தானாக அசைந்தது. அந்த அசைவுக்காகத்தான் இந்த வேலை செய்கிறவர்கள் செய்கிறோம்.

புரோகிராமரில் மாட்டினேன். அதன் பட்டியலில் டிஎஸ்1225 இல்லை. பரவாயில்லை, கால் அமைப்பு 2764ஏ என்ற இப்ராமோடு ஒத்துப்போகும், படிக்க மட்டும்தானே என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். ரீட் பொத்தானை அழுத்தினேன். “ஐடி பொருந்தவில்லை” என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதை மூடிவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே பெட்டி.

இப்ராம்களுக்குத் தன் பெயரைச் சொல்லும் ஒரு வழி உண்டு. ஏ9 என்ற காலில் 12 வோல்ட் கொடுத்தால் தன்னைச் செய்த கம்பெனி எது, மாடல் எது என்று சொல்லும். புரோகிராமர், படிப்பதற்கு முன்னால் “நீ யார்” என்று ஏ9ல் 12 வோல்ட்டைக் கொடுத்துக் கேட்டிருக்கிறது. டாலஸின் 24ஆவது கால் அதே ஏ9. 5 வோல்ட்டுக்குப் பிறந்த ராம். ஒரு முறை இல்லை, இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். அந்தப் பரிசோதனையை நிறுத்த ஒரு டிக் பெட்டி திரையின் ஓரத்தில் முதலிலிருந்தே இருந்தது. அதை எடுத்துவிட்டுப் படித்தேன். திரை முழுக்க எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். கீழே உருட்டிக்கொண்டே போனேன். 8192 தடவை எஃப்எஃப்.

ஏதாவது லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும் என்று கழற்றித் துடைத்து மாட்டினேன். பிறகு போர்டில் சாக்கெட் வைத்து, அதே ஐசியைத் திருப்பிப் போட்டு ஸ்கோப்பை ஆன் செய்தேன். பச்சை எழுத்தில் டெஸ்ட் 04 ஃபெயில் என்று வந்து நின்றது. ஏ/பி டிரிக் பொத்தானை அழுத்தினால் அதைத் தாண்டி உள்ளே போகலாம். கோடு வரும். ஆனால் அந்தக் கோடு சொல்லும் எதையும் நம்ப முடியாது.

சார் சாப்பிட்டு வந்து, நின்றபடியே திரையைப் பார்த்தார். நோட்டை எடுத்துப் புரட்டினார். அந்தச் சீரியல் நம்பரில் பக்கம் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்து வெற்றிலை எடுத்து, நீவி, சுண்ணாம்பு தடவி, போட்டுக்கொண்டு அவருடைய மேஜைக்குப் போய்விட்டார். அன்று நான் அந்த எண்களை எழுதி வைத்திருந்தால் ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு ராத்திரி உட்கார்ந்து ஃபைலைத் திரும்பக் கட்டிப் பார்த்திருக்கலாம்.

மிச்சம் இருந்த ஒரே வழி, புதிதாகக் காலிப்ரேஷன் செய்வது. அதற்கு வேண்டிய பிஜி506, டிஜி501 ஜெனரேட்டர்கள் இரண்டும் பட்டறையில் இருந்தன. 400 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே உயரத்தில் அலை கொடுக்க வேண்டிய எஸ்ஜி504 இல்லை. கிண்டியில் ஒரு நண்பரின் பட்டறையில் இருந்ததைக் கெஞ்சி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சர்வீஸ் மேனுவலைப் பக்கம் பக்கமாக விரித்து, உள்ளே ஜம்பரை மாற்றி, அது கேட்கும் சிக்னலைக் கொடுத்து, கோட்டைக் கட்டத்தோடு பொருத்தி, அடுத்தது, அடுத்தது என்று ஐந்து நாள் போனது. நடுவில் ஓர் இடத்தில் தவறினால் அந்த வரிசையை முதலிலிருந்து செய்ய வேண்டும். புது டாலஸ் என் சம்பளத்தில் வாங்கினேன். சார் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது லேப் பொறுப்பில் இருந்த மேடத்திடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு, தம்பி?” என்று மட்டும் கேட்டார். “ஆமா மேடம்” என்றேன். ஓடிய மணி நேரக் கணக்குப் பக்கத்தில் சைபர் காட்டியது. அது மட்டும் எந்தக் காலிப்ரேஷனிலும் திரும்பி வராது.

இந்த அடிக்குப் பிறகு நான் இந்த வேலையையே விட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. பட்டறைக்கு வரும் ஒவ்வொரு பழைய மிஷினிலும் முதலில் டாலஸைத் தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. முதலில் நோட்டில் எழுதுவேன். போன் கேமரா வந்த பிறகு படமும் எடுப்பேன். டிஎஸ்1225 பெயர் பட்டியலில் இருக்கும் புரோகிராமர் வாங்கினேன். இருந்தும் ஐடி டிக்கை இரண்டு முறை பார்க்காமல் ரீட் அழுத்த மாட்டேன். மூன்று முறை படித்து மூன்று ஃபைலையும் ஒப்பிடுவேன். அதில் நாலைந்து இடத்தை நோட்டோடு ஒத்துப் பார்ப்பேன்.

புது ஐசி வாங்குவது தனிக் கதை. ரிச்சி தெருவில் கேட்டால் இல்லை என்று எந்தக் கடையும் சொல்லாது. “புது டேட் கோடு சார், பிரஷ் பீஸ்” என்று எடுத்துப் போடுவார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே ஒரு தேய்ப்பு தேய்த்தால் புது எழுத்து பஞ்சுக்கு வந்துவிடும். அடியில் பழைய எழுத்தை உப்புத்தாளால் தேய்த்த கோடுகள் தெரியும். எங்கோ பழைய போர்டிலிருந்து பிடுங்கிய, என்னுடையதைவிடக் கிழடான ஐசி. செல் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து அளக்க வழியே இல்லை. அதனால் பிறகு எஃப்ராமுக்கு மாறினேன். ராம்ட்ரான் கொண்டுவந்தது. பேட்டரி இல்லாமலே நினைவில் வைத்துக்கொள்ளும். பெயரில் ஃபெர்ரோ என்று இருப்பதால் உள்ளே இரும்பு இருக்கும் என்று நினைப்பார்கள். இரும்பு இல்லை. ஈயமும் சிர்கோனியமும் டைட்டானியமும் கலந்த ஒரு படலம். குட்டிப் போர்டில் பற்றவைத்து 28 கால் சாக்கெட்டில் உட்கார வைத்தால் 2465பி ஏற்றுக்கொள்கிறது. எல்லா மிஷினும் ஏற்காது. எஃப்ராம் ஒவ்வொரு முறையும் சிஇ கால் கீழே இறங்கும் கணத்தில்தான் முகவரியைப் பிடித்துக்கொள்ளும். சில கருவிகளில் அந்தக் காலை நிரந்தரமாகக் கீழே கட்டிப்போட்டுவிட்டு முகவரியை மட்டும் மாற்றுவார்கள். அங்கே இது குழம்பிப்போகும். சர்க்யூட் பார்க்காமல் மாட்டக் கூடாது.

எபாக்சியை ஹேக்சா பிளேடால் அறுத்து, உள்ளே செல்லுக்குப் போகும் கம்பியைத் தேடிப்பிடித்து, வெளியே காசு வடிவ பேட்டரி ஒட்டுகிறவர்களும் உண்டு. பழைய கம்ப்யூட்டர் கடிகார ஐசிக்கு அது போதும். அளக்கிற கருவிக்குள் அப்படி ஒன்று தொங்குவதை என்னால் பார்க்க முடியாது.

ஆனால் இந்த வேலையில் கஷ்டமானது சால்டரிங் இல்லை, உரிமையாளரைச் சம்மதிக்க வைப்பது. ஒரு காலிப்ரேஷன் லேபில் 3458ஏ மல்டிமீட்டர் இருந்தது. ஹெச்பி, அஜிலண்ட், கீசைட் என்று கம்பெனி பெயர் மாறியும் மாடல் மாறாமல் வந்த எட்டரை இலக்க மீட்டர். உள்ளே மூன்று டாலஸ்: இரண்டு 1230, ஒரு 1220. அந்த 1220ல்தான் காலிப்ரேஷன் இருக்கிறது. “சீலை உடைச்சா சர்டிபிகேட் போயிடும். ஆடிட்ல யார் பதில் சொல்றது?” என்றார் அங்கே மேனேஜர். மீட்டரோ நன்றாக ஓடுகிறது. நான் இரண்டு வருஷம் விடாமல் சொன்னேன். கடைசியில் ஒரு வழி பிறந்தது. வருஷா வருஷம் எப்படியும் வெளியே காலிப்ரேஷனுக்கு அனுப்புகிறார்கள். அனுப்புவதற்கு முந்தைய வாரம் சீலின் காலம் எப்படியும் முடியப்போகிறது. அந்த வாரம் என்னிடம் கொடுத்தார்கள். மூன்றையும் படித்து, புதியதில் எழுதி, சாக்கெட் வைத்து மாட்டி ஆன் செய்தபோது அவர் என் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எண்கள் வந்தன. “இதுக்குத்தானா இவ்வளவு?” என்றார். ஆமாம். சரியாகச் செய்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பில்லில் என்ன எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சார் 2017ல் பட்டறையை மூடினார். ஸ்கோப்களும் ஜெனரேட்டர்களும் ஆளுக்கொன்றாகப் போயின. எனக்கு அந்தக் கோடு போட்ட நோட்டையும், அவர் தன் மேஜையில் வைத்திருந்த 2465பியையும் கொடுத்தார். நோட்டில் அந்த ஸ்கோப்புக்கு ஒரு பக்கம் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரமே திறந்து பார்த்தேன். டாலஸ் 9338. எக்சர்சைசர் 02ஐத் திறந்து அவர் எழுதியதோடு ஒப்பிட்டேன். ஓர் எண்கூட மாறவில்லை. எஃப்ராம் தயார் செய்து, கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி, மேஜையின் மேல் டிராயரில் வைத்தேன். சக்கரைச் சுத்தம் செய்து பக்கத்தில் வைத்தேன்.

அதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஊராரின் மிஷினையெல்லாம் திறந்த நான் இதை மறுபடி திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று சொல்லிக்கொள்வேன், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வந்துவிடும். காலையில் ஆன் செய்யும்போது மட்டும் நாலைந்து விநாடி கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு திரையைப் பார்ப்பேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். ரிலே இரண்டு முறை டக் டக் என்கும். பிறகு நடுவில் பச்சைக் கோடு வந்து நிற்கும்.

இன்று காலையும் வந்தது. டிராயரைத் திறக்காமல் வேலையைப் பார்க்கப் போனேன்.